ஆர்டர் என்ற ஒரே சொல்: வரிசையா, ஒழுங்கா, கட்டளையா?

கேள்வி இதுதான்: ஆர்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் வரிசை, ஒழுங்கு, கட்டளை, பொருள் கேட்டு அனுப்பும் கோரிக்கை, துறவியர் சபை என்று ஒட்டாத பொருள்களாக வருகின்றன. 'தி பேப்பர்ஸ் ஆர் இன் ஆர்டர்', 'தி பேப்பர்ஸ் ஆர் ஆன் ஆர்டர்', 'தி பேப்பர்ஸ் ஆர் அவுட் ஆஃப் ஆர்டர்' என்ற மூன்று வாக்கியங்களும் மூன்று வேறு செய்திகளைச் சொல்கின்றன. ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? தமிழில் எழுதும்போது எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து வருகிறேன். என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்த ஆங்கிலச் சொற்களில் இதுவும் ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொருள்கள் ஒட்டாதவைபோலத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே தறியிலிருந்து இறங்கியவைதான். தறி என்று உவமைக்காகச் சொல்லவில்லை. ஆர்டர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் 'ஓர்டோ' என்ற லத்தீன் சொல். வரிசை, நிரை என்பது அதன் பொருள். இந்த ஓர்டோவை 'ஓர்டிரி' என்ற லத்தீன் வினையோடு சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள். நெசவைத் தொடங்குவது, அதாவது பாவு ஓட்டுவது என்பது அந்த வினையின் பொருள். தறியில் நீளவாக்கில் இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்புவதைத்தான் நம் நெசவாளர்கள் பாவு ஓட்டுதல் என்கிறார்கள். அதை முடிக்காமல் ஊடை போட முடியாது. அதனால்தான் அந்த லத்தீன் வினைக்கு 'தொடங்கு' என்ற பொதுப்பொருளும் ஏற்பட்டது. ஆதியிலிருந்தே உள்ளது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'பிரைமோர்டியல்' என்ற சொல்லுக்குள் அந்த ஓர்டிரி இன்றும் இருக்கிறது.

பாவு ஓட்டுவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒன்றையொன்று தாண்டாமல் இழைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை அப்படி நிற்க வைத்த கை ஒன்றும் இருக்கிறது. ஆர்டரின் பொருள்களில் ஒரு பகுதி இழைகளைப் பார்ப்பவை. மற்றொரு பகுதி கையைப் பார்ப்பவை. வரிசை, ஒழுங்கு, வகைப்பாடு ஆகியவை இழைகளின் பக்கம். கட்டளை, நீதிமன்ற உத்தரவு, கடைக்கு அனுப்பும் கோரிக்கை ஆகியவை கையின் பக்கம். எந்த வாக்கியத்தில் இந்தச் சொல் வந்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இதுதான்: இங்கே நிற்கும் நிலை பேசப்படுகிறதா, நிற்கச் சொல்லும் குரல் பேசப்படுகிறதா? பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

வரிசை என்பது மனிதர்களின் தரமாக மாறியது ரோமாபுரியிலேயே நடந்துவிட்டது. அங்கே ஓர்டோ என்றால் படைவீரர்களின் அணி, அரங்கின் இருக்கை வரிசை, சமூகப் படிநிலை எல்லாமும்தான். செனட்டர்கள் ஓர் ஓர்டோ. அவர்களுக்கு அடுத்த குதிரைவீரர் வகுப்பு இன்னோர் ஓர்டோ. கி.மு. 67இல் வந்த ஒரு ரோமானியச் சட்டம் அரங்கில் 14 வரிசை இருக்கைகளை அந்தக் குதிரைவீரர் வகுப்புக்கு ஒதுக்கியது. உட்காரும் வரிசையும் சமூக வரிசையும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. எந்த வரிசையில் அமர்கிறாய் என்பதும் நீ யார் என்பதும் ஒரே கேள்வியாகிவிட்டன. ஆங்கிலத்தில் 'லோயர் ஆர்டர்ஸ்' என்று ஒரு காலத்தில் ஏழை எளியவர்களைக் குறித்த வழக்கு இந்த வேரிலிருந்து வளர்ந்ததே. அந்தத் தொடரை இன்று யாரும் நல்ல பொருளில் எழுதுவதில்லை. கிரிக்கெட்டில் டாப் ஆர்டர், மிடில் ஆர்டர் என்கிறோமே, அது மட்டையாளர்கள் களமிறங்கும் வரிசை.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பெரும்பாலும் சமயத்தின் கைபிடித்து நுழைந்தது. ஒரே விதியை ஏற்று ஒன்றாக வாழும் துறவியர் கூட்டம் ஓர் ஆர்டர். வானதூதர்களை ஒன்பது படிநிலைகளாக இடைக்காலக் கிறிஸ்தவர்கள் வகுத்தார்கள். அவையும் ஒன்பது ஆர்டர்கள். ஒருவர் குருப்பட்டம் பெறுவதை இன்றைக்கும் 'ஹோலி ஆர்டர்ஸ்' பெறுவதாகவே சொல்கிறார்கள். துறவியரைப் பார்த்து வீரர்களும் விதிமுறை வகுத்துக்கொண்டு சபைகளாகச் சேர்ந்தார்கள்; பிறகு அரசர்கள் தங்களுக்கு நெருக்கமான பிரபுக்களைக் கொண்டு கௌரவச் சபைகளை ஏற்படுத்தினார்கள். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் 1348இல் நிறுவியதாகச் சொல்லப்படும் 'ஆர்டர் ஆஃப் தி கார்ட்டர்' அப்படிப்பட்டது. சபையின் உறுப்பினர் அணியும் சின்னமே நாளடைவில் ஆர்டர் எனப்பட்டது. ஒருவர் பெயருக்குப் பின்னால் வரும் ஓ.பி.ஈ. என்ற எழுத்துகளுக்கு, 1917இல் தொடங்கிய 'பிரிட்டிஷ் பேரரசின் ஆர்டர்' என்ற சபையில் அவர் ஓர் அதிகாரி என்று பொருள். அந்த ஆர்டரைக் 'கட்டளை' என்றோ 'ஒழுங்கு' என்றோ மொழிபெயர்த்தால் பொருளே இல்லாமல் போய்விடும். விருது என்று எழுதுவதே போதும்.

இனி முக்கியமான திருப்பம். வரிசை எப்படிக் கட்டளையாயிற்று? கட்டளை என்ற பொருள் ஆங்கிலத்தில் தெளிவாக நிலைபெற்றது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே 'ஆர்டர் செய்' என்ற வினை, வரிசைப்படுத்து, சீராக அமை என்ற பொருளில் வழங்கி வந்தது. படையை வரிசைப்படுத்துபவன் வாய்திறந்து சொல்லித்தானே வரிசைப்படுத்த வேண்டும்? அமைக்கும் செயலிலிருந்து அமைக்கச் சொல்லும் சொல்லுக்குப் பொருள் நகர்ந்தது. நகர்ந்த பிறகு அந்தச் சொல் வரிசையையே மறந்துவிட்டது. 'வெளியே போ' என்பதும் ஆர்டர்தான்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். நம்மிடம் இருக்கும் 'கட்டளை' என்ற சொல்லையே பாருங்கள். ஏவல் என்ற பொருள் அதற்கு உண்டு. ஆனால் யாப்பில் கட்டளைக் கலித்துறை என்கிறோம். அங்கே யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஓர் அடியில் ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வர வேண்டும் என்ற அளவுதான் அங்கே கட்டளை. வரையறுத்த அமைப்பும் ஏவலும் ஒரே சொல்லுக்குள் நமக்கும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 'முறை' என்ற சொல்லும் அப்படித்தான்: உன் முறை வந்தது என்றால் வரிசை, மூன்று முறை என்றால் தடவை, அவர் எனக்கு என்ன முறை என்றால் உறவு, முறையிட்டான் என்றால் நீதி கேட்டான், முறையாகச் செய்தான் என்றால் ஒழுங்கு. பிற மொழிக்காரர் ஒருவர் 'முறை'யைக் கற்கும்போது படும் பாட்டைத்தான் நாம் ஆர்டரைக் கற்கும்போது படுகிறோம். தாய்மொழியில் இப்படிப்பட்ட சொல் நமக்கு இடைஞ்சலாகத் தோன்றுவதே இல்லை. வாக்கியத்தின் சூழலே பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலம் பேசுபவருக்கு ஆர்டரும் அப்படியே.

சட்டமன்ற அவைகளில் தலைவர் 'ஆர்டர், ஆர்டர்' என்று குரல் கொடுப்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அது கட்டளையாக ஒலிக்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் 'ஒழுங்கு' என்பதுதான். அவையில் ஒழுங்கு வேண்டும் என்று கேட்கிறார். ஓர் உறுப்பினர் எழுந்து 'பாயின்ட் ஆஃப் ஆர்டர்' எழுப்பினால், அவை விதி மீறப்படுகிறது என்று சுட்டிக்காட்டுகிறார். தமிழில் அதை 'ஒழுங்குப் பிரச்சினை' என்று அழகாகவே மொழிபெயர்த்திருக்கிறார்கள். 'சட்டம் ஒழுங்கு' என்ற தொடரிலும் சரியான சொல்லே அமைந்தது. அதே நேரம் நீதிமன்றத்திலிருந்து வரும் ஆர்டர், ஆணை அல்லது உத்தரவு. இந்த 'உத்தரவு' பற்றி ஒரு சிறு குறிப்பு: அது 'உத்தரம்' என்ற வடசொல்லோடு தொடர்புடையது, மறுமொழி என்று பொருள். கேட்டவருக்குப் பெரியவர் தரும் பதில் அனுமதியாகி, அனுமதி ஆணையாகிவிட்டது. 'விடை' என்ற நம் சொல்லும் இதே பாதையில்தான் பதிலாகவும், விடைபெறும்போது அனுமதியாகவும், பணவிடை என்னும்போது பணம் கொடுக்கச் சொல்லும் ஆணையாகவும் நிற்கிறது.

பணவிடை, அதாவது மணியார்டர், நம்மைப் பணத்துக்கும் பொருளுக்கும் அழைத்து வருகிறது. வணிகத்தில் வரும் ஆர்டர்கள் எல்லாம் கையின் பக்கத்தவை. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று அஞ்சலகத்துக்குச் சொல்வது மணியார்டர். 'இந்தப் பொருளை எனக்கு அனுப்பு' என்று விற்பவருக்குச் சொல்வது, இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் ஆர்டர். பங்குச் சந்தையில், கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கு என்றால் மார்க்கெட் ஆர்டர். இந்த விலைக்கு மேல் போகாதே என்று வரம்பு சொன்னால் லிமிட் ஆர்டர். காசோலையில் பெயருக்குப் பின் 'ஆர் ஆர்டர்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்தச் சொல், 'இவருக்கோ, இவர் கைகாட்டும் இன்னொருவருக்கோ கொடு' என்று பொருள்படும். அவர் காசோலையின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டு மற்றொருவருக்கு மாற்றித் தரலாம் என்ற உரிமை அந்தச் சிறு சொல்லில் அடங்கியிருக்கிறது. வங்கியில் 'ஸ்டாண்டிங் ஆர்டர்' என்றால் மாதாமாதம் இந்தத் தொகையை இன்னாருக்கு அனுப்பிக்கொண்டே இரு என்ற நிலையான ஏவல். அதே தொடர் ஓர் அவையைப் பற்றி வந்தால் அந்த அவையின் நிலையான நடைமுறை விதிகள். முன்னதில் கை பேசுகிறது, பின்னதில் இழைகள்.

தமிழ் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது மொத்தப் பொருளையும் வாங்கவில்லை என்பது எனக்கு மிகவும் சுவையாகப்படுகிறது. வாங்கியது பெரும்பாலும் வணிகப் பொருளையும் அதிகாரப் பொருளையும்தான். ஆர்டர் வந்துவிட்டது என்று தமிழில் சொன்னால் பொட்டலம் வந்தது அல்லது மாற்றல் உத்தரவு வந்தது என்று பொருள். அகர ஆர்டர் என்று யாரும் சொல்வதில்லை. வரிசைக்கும் ஒழுங்குக்கும் நம்மிடம் சொல் நிறைய இருந்தது. அங்கே கடன் தேவைப்படவில்லை. வரிசை, நிரல், நிரை, அடுக்கு, சீர், ஒழுங்கு, முறை என்று எத்தனை! ஏன், 'அகராதி' என்ற சொல்லே அகரத்தை ஆதியாகக் கொண்டது என்று ஒரு வரிசையைத்தான் பெயராகத் தாங்கி நிற்கிறது. நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துச் செய்யுளில் தந்த மரபில், 1732இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தவர் வீரமாமுனிவர். அவர் இயேசு சபை என்ற துறவற ஆர்டரைச் சேர்ந்தவர். இந்தப் பதிலின் இரண்டு முனைகளும் ஒரே மனிதரிடம் சந்திக்கின்றன.

இப்போது நீங்கள் கேட்டவற்றில் கடினமான பகுதி: முன்னிடைச் சொற்கள். ஆர்டருக்கு முன்னால் வரும் சிறு சொல்தான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. இதை மனப்பாடம் செய்வதைவிட, தறியை நினைத்துப் புரிந்துகொள்வது எளிது.

'இன் ஆர்டர்' என்றால் வரிசைக்குள் இருப்பது. எண்கள் வரிசையாக இருக்கின்றன என்றும் பொருள். எல்லாம் சரியாக இருக்கிறது, குறையொன்றும் இல்லை என்றும் பொருள். கடவுச்சீட்டைச் சோதித்த அதிகாரி 'இன் ஆர்டர்' என்றால், செல்லத்தக்கதாக இருக்கிறது என்கிறார். 'ஒரு மன்னிப்பு இன் ஆர்டர்' என்றால் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. மூன்றிலும் இழை தன் இடத்தில் இருக்கிறது, அல்லது ஓர் இழைக்குரிய இடம் காத்திருக்கிறது. 'அவுட் ஆஃப் ஆர்டர்' இதற்கு நேர் எதிர். பக்கங்கள் மாறிக் கிடந்தாலும் சொல்லலாம். லிஃப்ட் பழுதானாலும் சொல்லலாம். அவையில் விதிக்கு மாறாக ஒருவர் பேசினாலும் சொல்லலாம். பிரிட்டன் மக்களின் பேச்சில், ஒருவர் அளவுமீறி நடந்துகொண்டார் என்பதற்கும் இதே தொடர்தான். இயந்திரத்தின்மேல் தொங்கும் அந்த அறிவிப்பை 'ஒழுங்கற்றது' என்று மொழிபெயர்த்திருப்பதை நான் கண்டதுண்டு. 'பழுது' என்ற மூன்றெழுத்துச் சொல் போதுமே!

'ஆன் ஆர்டர்' என்றால் கேட்டு அனுப்பியாகிவிட்டது, இன்னும் வந்து சேரவில்லை. 'டு ஆர்டர்' என்றால் கேட்டவர் சொன்ன அளவுக்கும் விருப்பத்துக்கும் செய்து கொடுப்பது. 'பை ஆர்டர்' என்றால் உத்தரவுப்படி. 'அண்டர் ஆர்டர்ஸ்' என்றால் மேலிட உத்தரவுக்குக் கட்டுப்பட்டு. இந்த நான்கும் கையின் பக்கம். 'டால் ஆர்டர்' என்றால் நிறைவேற்ற அரிதான கோரிக்கை. 'இன் ஷார்ட் ஆர்டர்' என்றால் விரைவாக. மருத்துவர் சொன்னார் என்பதற்காக ஒன்றைச் செய்தால் 'டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்'. பன்மையைக் கவனியுங்கள்: படைவீரர் பெறுவதும் நோயாளி பெறுவதும் பெரும்பாலும் பன்மையில் ஆர்டர்ஸ் என்றே வரும்.

'இன் ஆர்டர் டு' எப்படி 'அதற்காக' என்ற பொருளுக்கு வந்தது என்று பலரும் கேட்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கு இது. ஒரு நோக்கத்தை நோக்கிக் காரியங்களை வரிசையாக வைப்பது என்று எண்ணிப் பாருங்கள்: முதலில் இது, பிறகு இது, முடிவில் நான் விரும்பியது. அந்த வரிசையின் முகம் நோக்கத்தைப் பார்த்திருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் 'டு' போதுமான இடத்தில் இதைப் போடத் தேவையில்லை. எதிர்மறையில் மட்டும், 'இன் ஆர்டர் நாட் டு' என்று வருவது தெளிவுக்கு உதவும். தமிழில் இன்னும் எளிது. 'பார்க்கும் பொருட்டுச் சென்றார்' என்று அலுவலகக் கடிதங்கள் எழுதுகின்றன. 'பார்க்கச் சென்றார்' என்றாலே போதும். நம் எச்சமே நோக்கத்தைச் சுமந்துவிடுகிறது.

இலக்கணத்தில் பரவலாக நேரும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். 'ஐ ஆர்டர்ட் ஃபார் எ புக்' என்பது பிழை. வினையாக வரும்போது இடையில் 'ஃபார்' வராது: 'ஐ ஆர்டர்ட் எ புக்'. பெயராக வரும்போது வரும்: 'அன் ஆர்டர் ஃபார் எ புக்'. கேட்பது என்ற பொருளுடைய 'ஆஸ்க் ஃபார்' மனத்தில் பதிந்திருப்பதால் அந்த 'ஃபார்' இங்கும் ஒட்டிக்கொள்கிறது. யாருக்காக என்று சொல்லும்போது மட்டும் 'ஃபார்' சரி. இன்னொன்று: ஒருவரைப் போகச் சொன்னார் என்பதற்கு 'ஆர்டர்ட் ஹிம் டு லீவ்' என்றும், 'ஆர்டர்ட் தட் ஹி லீவ்' என்றும் இரண்டு விதமாக எழுதலாம். இரண்டாவதில் 'லீவ்ஸ்' என்றோ 'லெஃப்ட்' என்றோ வராமல் வினை வெறுமையாக நிற்பதைப் பாருங்கள். கட்டளையின் பின்னால் வரும் வினைக்குக் காலம் காட்டும் வேலை இல்லை.

அறிவியலில் இந்தச் சொல் கிட்டத்தட்ட முழுவதும் இழைகளின் பக்கம் நிற்கிறது. 1735இல் வெளியான தன் இயற்கை வகைப்பாட்டு நூலில் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலர் லின்னேயஸ் வகுப்புக்குக் கீழ் ஓர்டோ என்ற படியை வைத்தார். அதுவே உயிரியலின் ஆர்டர், தமிழில் வரிசை. வகுப்புக்கும் குடும்பத்துக்கும் இடைப்பட்டது. மனிதனும் குரங்கும் ஒரே வரிசை. வண்டுகள் அடங்கிய வரிசையில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நான் மெய்ப்புப் பார்த்த ஒரு கட்டுரையில் 'வண்டுகளின் கட்டளையைச் சேர்ந்தது' என்று ஒரு பூச்சியைப் பற்றி எழுதியிருந்தது. பிழை செய்தவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒரு சொல்லால் அந்தப் பத்தியே வாசகருக்கு மூடிப்போகும். அதனால்தான் இழையா கையா என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

கணிதத்தில் ஏறுவரிசை, இறங்குவரிசை, வரிசைச் சோடி எல்லாம் தெளிவானவை. வகைக்கெழுச் சமன்பாட்டின் ஆர்டர், வரிசை. அதன் டிகிரி, படி. இரண்டையும் மாணவர் குழப்பிக்கொள்வது வழக்கம். எந்தக் கணக்கை முதலில் செய்வது என்பதை நினைவூட்ட போட்மாஸ் என்று பள்ளியில் படிக்கிறோமே, அதிலுள்ள 'ஓ' என்ற எழுத்துக்கு 'ஆஃப்' என்று ஒரு விளக்கமும், அடுக்குகளைக் குறிக்கும் 'ஆர்டர்ஸ்' என்று இன்னொரு விளக்கமும் உண்டு. கணினி நிரலின் வேகத்தை அளக்கும் பெரிய 'ஓ' குறியீடும் இந்த உறவுதான். ஜெர்மானியக் கணிதவியலர் பால் பாக்மன் 1894இல் பயன்படுத்திய அந்த எழுத்து, 'ஓர்ட்னுங்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அந்தச் சொல்லும் நம் ஆர்டரின் லத்தீன் வேரையே கொண்டது.

'ஆர்டர் ஆஃப் மேக்னிட்யூட்' என்ற தொடர் செய்திகளில் அடிக்கடி தவறாக வருகிறது. ஓர் ஆர்டர் அதிகம் என்றால் பத்து மடங்கு. இரண்டு ஆர்டர் என்றால் நூறு மடங்கு. மூன்று என்றால் ஆயிரம். பூமியிலிருந்து நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர். சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். கிட்டத்தட்ட 390 மடங்கு. ஆகவே வித்தியாசம் இரண்டு ஆர்டருக்கும் மூன்று ஆர்டருக்கும் இடையில். இதை 'இரண்டு வரிசை அதிகம்' என்று தமிழில் எழுதினால் யாருக்கும் விளங்காது. நூறு மடங்குக்கு மேல் என்று மடங்கைச் சொல்லிவிடுவதே வாசகருக்குச் செய்யும் உதவி.

பிரெஞ்சு மொழி கணினிக்குச் சூட்டிய பெயரை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1955இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை புதிய இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, ஜாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் 'ஓர்டினாதர்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். உலகில் ஒழுங்கை நிறுவுகிற கடவுளைக் குறிக்கும் பெயரடையாக அது அகராதியிலேயே இருக்கிறது என்றும் எழுதினார். ஆங்கிலம் அந்த இயந்திரத்தைக் கணக்கிடுவது என்று பார்த்தது. பிரெஞ்சு அதை ஒழுங்குபடுத்துவது என்று பார்த்தது. தறியில் இருந்த கை கடவுளுக்குப் போய், அங்கிருந்து இயந்திரத்துக்கு இறங்கியிருக்கிறது.

இதே குடும்பத்தில் 'ஆர்டினரி' உண்டு: வரிசைக்கு உட்பட்டது, ஆகவே வழக்கமானது. 'எக்ஸ்ட்ராஆர்டினரி' வரிசைக்கு வெளியே நிற்பது. சபார்டினேட் என்றால் கீழ் வரிசையில் இருப்பவர். ஆர்டர்லி, உத்தரவுகளைச் சுமந்து சென்ற படைவீரர். ஆனால் எல்லை என்ற பொருளுடைய 'பார்டர்' உறவில்லை. சோதனை, கொடுந்துன்பம் என்ற பொருளுடைய 'ஆர்டீல்' உறவில்லை. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது.

சொல்வரிசை என்ற பொருளில் வரும் 'வேர்ட் ஆர்டர்' பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் நாய், கடித்தது, மனிதன் என்ற வரிசையை மாற்றினால் கடித்தவர் மாறிவிடுகிறார். தமிழில் 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும் கடித்தது நாய்தான். 'ஐ' உருபு காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஆர்டர் செய்யும் வேலையை நம்மிடம் வேற்றுமை உருபு செய்கிறது. அதற்காக நாம் வரிசையை மதிக்காதவர்கள் அல்லர். நிரல்நிறை என்று தொல்காப்பியமே ஒரு பொருள்கோளை, அதாவது செய்யுளில் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறையைச் சொல்கிறது. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்ற குறளில் அன்பு பண்போடும் அறன் பயனோடும் சேர்வது நின்ற வரிசையால் மட்டுமே. 'இன் தட் ஆர்டர்' என்று ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசியில் வந்தால், அது இந்த நிரல்நிறைதான். தமிழில் 'முறையே' என்று எழுதுங்கள்.

இனி உங்கள் மூன்று வாக்கியங்கள். 'ஆன் ஆர்டர்': தாள்கள் வேண்டுமென்று சொல்லி அனுப்பியாகிவிட்டது, இனிமேல்தான் வரும். 'அவுட் ஆஃப் ஆர்டர்': தாள்கள் வரிசை மாறிக் கிடக்கின்றன, தாள் இயந்திரமல்ல, ஆதலால் பழுது என்ற பொருள் இங்கே எழாது. 'இன் ஆர்டர்' மட்டும் இரண்டு விதமாகப் படும்: தாள்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன என்றோ, ஆவணங்கள் எல்லாம் சரியாக, செல்லத்தக்கனவாக இருக்கின்றன என்றோ. அதிகாரி ஒருவர் சரிபார்த்துவிட்டுச் சொன்னால் இரண்டாவது. கலைந்து கிடந்தவற்றை அடுக்கிய ஒருவர் சொன்னால் முதலாவது. நீங்களே எழுதுவதானால், வரிசையைக் குறிக்கும்போது 'இன் டேட் ஆர்டர்' என்றோ 'இன் தி ரைட் ஆர்டர்' என்றோ ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். படிப்பவருக்கு ஐயம் வராது.